யார் செலவில் பறக்கிறார்கள்?

ஐயா,

அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவன் நான். முகாம் போய் வந்தால் பயணப்படிப் பட்டியலோடு பஸ் டிக்கெட்டை ஒட்டிக் கொடுக்க வேண்டும். டிக்கெட் தொலைந்தால் காசு கோவிந்தா!

எம்.பி., எம்.எல்.ஏ.க்கள் வெளிநாடு போகும்போது வெளிநாட்டவர் தரும் டிக்கெட், தங்குமிடம் போன்ற உபசரிப்பை ஏற்க, 2010-ம் ஆண்டு வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின் 6-வது பிரிவுப்படி மத்திய அரசிடம் முன் அனுமதி வாங்க வேண்டும். போன இடத்தில் திடீரென நோய்வாய்ப்பட்டுப் பெறும் மருத்துவ உதவிக்கு மட்டும் விலக்கு. அதையும் ஒரு மாதத்துக்குள் தெரிவித்தாக வேண்டும். நல்ல விதிதான். ஆனால் உள்துறை அமைச்சகத்திடம் சொல்லச் சொல்லும் அந்தப் பிரிவு, ஓட்டுப் போட்டவனிடம் சொல்லச் சொல்லவில்லையே!

பிரிட்டன் எம்.பி.க்கள் 300 பவுண்டைத் தாண்டும் இத்தகைய வெளிநாட்டுப் பயணத்தை 28 நாட்களுக்குள் பதிவு செய்கிறார்கள். கொடுத்தவர் யார், எந்த ஊர், எத்தனை நாள், எவ்வளவு தொகை என எல்லாம் இணையத்தில் கிடக்கிறது. அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை உறுப்பினர்கள் தனியார் செலவில் பயணம் போனால், திரும்பிய 15 நாட்களுக்குள் கணக்குக் காட்ட வேண்டும்.

இன்னொன்று: உள்ளூர்த் தொழிலதிபரின் தனி விமானத்தில் ஏறினால் நமது 6-வது பிரிவு எட்டிக்கூடப் பார்க்காது. வெளிநாட்டு உபசரிப்பு, உள்ளூர் விமானப் பயணம் இரண்டையும் சேர்த்து நாடாளுமன்ற, சட்டமன்ற இணையதளங்களில் வெளியிட ஏற்பாடு செய்வார்களா?

— ஓய்வுபெற்ற எழுத்தர், திருச்சி