காபி பழகும் மகளுக்கு

அன்புள்ள கண்ணம்மா,

காலையில் ஒரு வாய் காபி உள்ளே போனால்தான் வேலை ஓடுகிறது என்று நீ போனில் சொன்னபோது எனக்குச் சந்தோஷமும் கவலையும் சேர்ந்தே வந்தது. வாசனை பிடிக்கும், வாயில் வைக்கப் பிடிக்காது என்று டம்ளரைத் தள்ளி வைத்தவள் நீ. சொல்ல வந்ததைச் சொல்வதற்குள் மீட்டிங் என்று போனை வைத்துவிட்டாய். அதனால் எழுதுகிறேன்.

பிடிக்காதது எப்படிப் பிடித்துப்போனது என்று கேட்டாயே, அதைப் பற்றி நானும் யோசித்தேன். கசப்பை ஒதுக்குவது பிறவியிலேயே வருகிற குணம். விஷச் செடிகள் பல கசக்கும் என்பதால் நாக்கு போட்டு வைத்திருக்கிற காவல் அது. குடித்தும் ஒன்றும் ஆகவில்லை, உடம்பு சுறுசுறுப்பாகத்தான் ஆனது என்று சில தடவை தெரிந்துவிட்டால் அந்தக் காவல் தளர்ந்து, அந்தக் கசப்பையே தேட ஆரம்பித்துவிடும். உன் விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. ஆபீஸில் யாரையும் தெரியாத நாட்களில் "வா, காபி குடிச்சிட்டு வரலாம்" என்று கூப்பிட்ட அந்தப் பெண்கள். அந்தப் பேச்சுக்காகத்தான் நீ முதலில் கோப்பையைக் கையில் எடுத்திருப்பாய். முதல் வேலைக்காக ஊர் மாறிப் போனபோது எனக்கும் அப்படித்தான் பழகியது. புது ஊரில் கூட உட்கார நாலு பேர் கிடைப்பது பெரிய விஷயம். அவர்களுக்கு நான் மனசார நன்றி சொல்கிறேன்.

ஆனால் கண்ணு, பழகுவதுதான் பழகுகிறாய், நன்றாக ருசி பார்த்துப் பழகு. கசப்பு தெரியக்கூடாது என்று சர்க்கரையைக் கொட்டிக் குடித்தால் சர்க்கரைதான் பழகும். ஒரு தடவை மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் குடித்துப் பார். கசப்பும் லேசான புளிப்பும் மட்டும்தான் தெரியும். விழுங்கிவிட்டு மூக்கை விடு. வறுத்த வாசனையும் கருகின வெல்லம் மாதிரி ஒரு மணமும் தொண்டைக்குப் பின்னாலிருந்து எழும்பி வரும். காபியின் ருசி என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி அந்த மணம்தான். அது ஒரு தடவை பிடிபட்டுவிட்டால் சர்க்கரையைத் தானாகவே குறைப்பாய்.

அறையிலேயே போட்டுக் குடிக்கப்போகிறேன் என்றாய், நல்லது. பொடி வாங்கும்போது வறுத்த தேதியைப் பார்த்து வாங்கு, கொஞ்சமாக வாங்கு. புதிதாக வறுத்த கொட்டைக்குள் கரியமில வாயு தங்கியிருக்கும். பொடியின் மேல் முதலில் கொஞ்சம் வெந்நீரை விட்டு அரை நிமிஷம் காத்திரு. புதுப்பொடி நுரைத்துப் பொங்கி மேலே எழும்பும். பழைய பொடி ஈரமாகிச் சும்மா கிடக்கும். தண்ணீர் கொதித்து அடங்கினதும் ஊற்று, 90 முதல் 96 டிகிரி இருந்தால் போதும். தண்ணீரில் முதலில் இறங்குவது புளிப்பு, அப்புறம் இனிப்பு, கடைசியில் கசப்பு. அதனால் ரொம்பக் கசந்தால் பொடி நைஸாக இருக்கிறது, அல்லது அதிக நேரம் ஊறிவிட்டது என்று எடுத்துக்கொள். புளித்துத் தண்ணீராக இருந்தால் அதற்கு நேர்மாறு. காகிதத்தில் வடிகட்டும் முறையைக் கொண்டுவந்தது ஜெர்மனியில் இருந்த ஒரு அம்மா, மெலிட்டா பென்ட்ஸ். கசடும் கசப்பும் பிடிக்காமல், மகனுடைய நோட்டிலிருந்த மை ஒற்றும் தாளை எடுத்து வடிகட்டிப் பார்த்தார். 1908இல் அதற்குக் காப்புரிமையும் வாங்கிவிட்டார். அவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

இப்போது என் கவலைக்கு வருகிறேன். சாயங்காலம் அஞ்சு மணிக்கும் குடிக்கிறேன், ராத்திரி ஒரு மணி வரை தூக்கம் வரவில்லை என்று சொன்னாய். புது இடம் என்பதால் என்று நினைக்கிறாய். முழித்திருக்கிற நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்று ஒன்று சேர்ந்துகொண்டே போகும், அதுதான் தூக்கத்தை வரவைப்பது. காபியில் இருக்கிற காஃபீன் என்ற பொருள் போய் அதனுடைய இடத்தைப் பிடித்துக்கொள்வதால் அசதி தெரியாமல் இருக்கிறதே தவிர, அசதி எங்கும் போய்விடுவதில்லை. குடித்த காஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போகவே சுமார் 5 மணி நேரம் ஆகும், சிலருக்கு இன்னும் அதிகம். கணக்குப் போட்டுப் பார். அஞ்சு மணிக்கு 100 மில்லிகிராம் போனால் பத்து மணிக்கு 50 இருக்கும், விடிகாலை மூணு மணிக்குக்கூட 25 இருக்கும். காலையில் கண் எரிகிறது என்று ஒரு கோப்பை கூட்டுகிறாய், அன்றைக்கு ராத்திரியும் தூக்கம் கெடுகிறது. மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் வேண்டாம், அம்மா சொல்வதைக் கேள். சாயங்காலம் அவர்களோடு உட்காரத்தான் வேண்டும் என்றால் காஃபீன் நீக்கின காபியைக் கேட்டு வாங்கு. அதுவும் கசக்கத்தான் செய்யும், ஏனென்றால் காபியின் கசப்பில் காஃபீனின் பங்கு கொஞ்சம்தான்.

மொத்தக் கணக்கிலும் ஒரு கண் வை. ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம் காஃபீன் வரை பயமில்லை என்கிறது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம். பெரிய கோப்பையாக நாலு குடித்தால் அதைத் தொட்டுவிடுவாய். ரொபஸ்டா வகைக் காபிக் கொட்டையில் அராபிகா வகையைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு காஃபீன் உண்டு, பாக்கெட்டில் எது என்று பார். நெஞ்சு படபடத்தாலோ கை நடுங்கினாலோ அன்றைக்கு அதோடு நிறுத்து. இரும்புச்சத்து மாத்திரை போட்டுக்கொண்டுதானே இருக்கிறாய்? காபியோடு சேர்த்துப் போட்டால் இரும்பு உடம்பில் சரியாகச் சேராது. இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடு.

லீவில் வரும்போது, அம்மா என்ன நினைப்பாளோ என்று குடிக்காமல் இருந்துவிடாதே. பழகின உடம்புக்குத் திடீரென்று நிறுத்தினால் ஒரு நாளுக்குள் தலைவலி ஆரம்பித்துவிடும், எரிச்சலும் சோர்வும் வேறு. குறைக்க நினைத்தால் தினம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொள்ளலாம். காலையில் உனக்கும் சேர்த்தே போடுகிறேன். சர்க்கரை எவ்வளவு என்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடு.

அன்புடன்,
அம்மா