கமலா, உன் பேரனுக்கு இரத்தம் பார்த்துவிடு

பெரம்பூர், சென்னை

அன்புள்ள கமலா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. இங்கே பேத்திக்கு ஜன்னி வந்து வீடே ஆடிப்போனதில் பதில் எழுத உட்காரவே முடியவில்லை.

அவளுக்கு ஒன்றே கால் வயது. அன்று சாயங்காலம் உடம்பு லேசாகச் சுட்டது. சளிக் காய்ச்சல்தானே என்று மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தேன். திடீரென்று கண் மேலே செருகி, கைகால் வெட்டி வெட்டி இழுத்தது. பக்கத்து வீட்டம்மா ஓடிவந்து கையில் இரும்புச் சாவியைத் திணித்தார். மருமகள்தான் பதறாமல் குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வைத்தாள், வாயில் ஸ்பூன் எதையும் வைக்க விடவில்லை. இரண்டு நிமிடம் இருக்கும். 108 வருவதற்குள் நின்றுவிட்டது.

ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயதுவரை நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து குழந்தைகளுக்குக் காய்ச்சலில் இப்படி ஜன்னி வருமாம். சீக்கிரம் நின்றுவிட்டால் மூளைக்குக் கெடுதல் இல்லை, 5 நிமிடம் தாண்டினால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும் என்றார் டாக்டர். அப்புறம் இரத்தம் எடுத்தார்கள். ஹீமோகுளோபின் 11 இருக்க வேண்டிய இடத்தில் 8 தான் இருந்தது! இரும்புச்சத்துக் குறைவால் வந்த சோகையாம்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூளை நரம்புகள் ஒன்றுக்கொன்று சேதி சொல்லும் பொருள்கள் உருவாக இரும்புச்சத்து வேண்டுமாம். காய்ச்சலில் ஜன்னி வரும் குழந்தைகளிடம் இரும்புச்சத்துக் குறைவு அதிகம் தென்படுவதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. துத்தநாகமும் பலருக்குக் குறைவாம். அதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது, சத்து ஏறினாலும் திரும்ப வராது என்று உறுதி கிடையாது என்றும் டாக்டர் சொன்னார். ஆனால் சோகை இருப்பது தெரிந்தும் விட்டுவைக்கக் கூடாது, இல்லையா?

தப்பு என்னுடையது, கமலா. சோறு வேண்டாமென்றால் பால், அழுதால் பால் என்று ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் பாக்கெட் பால் கொடுத்திருக்கிறேன். பாலில் இரும்புச்சத்து சொற்பம், வயிறும் ரொம்பிவிடும். அங்கன்வாடியில் கொடுத்த இரும்பு சிரப்பையும் மலம் கறுக்கிறதென்று நான்தான் நிறுத்தச் சொன்னேன். கறுப்பது சாதாரணமாம். கையில் சாவியைத் திணித்தோமே, உடம்புக்குள் இல்லாத இரும்பை அது எப்படிக் கொடுக்கும்? நினைத்தால் மனசு அறுக்கிறது.

காய்ச்சல் விட்டபிறகு இரும்பு மருந்து தொடங்கினோம். இப்போது முருங்கைக்கீரை பிசைந்த பருப்புச்சோறு, வாரம் இருமுறை ஆட்டு ஈரல். பால் இரண்டே வேளை. நேற்று முழுக்க வாசலில் ஓடிக்கொண்டிருந்தாள்.

உன் பேரன் பால் மட்டும்தான் குடிக்கிறான், சுவர்ச் சுண்ணாம்பைச் சுரண்டித் தின்கிறான் என்று விளையாட்டாக எழுதியிருந்தாய். எனக்கு அது விளையாட்டாகப் படவில்லை. இரும்புச்சத்து குறைந்த பிள்ளைகள் மண்ணும் சுண்ணாம்பும் தேடுவதுண்டு என்று இங்கே சொன்னார்கள். தஞ்சாவூரில் நல்ல குழந்தை டாக்டர்கள் இருக்கிறார்கள். இந்த வாரமே கூட்டிப்போய் இரத்தம் பார். ஹீமோகுளோபின் எவ்வளவு என்று அன்றைக்கே எனக்கு எழுது.

உன்
சரோஜா