சென்னைத் தொலைக்காட்சியின் ஐம்பதாண்டுச் செய்திப் பதிவுகள்: பிரசார் பாரதி வாரியத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பிரசார் பாரதி வாரியத்தின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

தூர்தர்ஷனையும் அகில இந்திய வானொலியையும் நடத்தும் தங்கள் அமைப்பின் கீழ் உள்ள, 1975 ஆகஸ்ட் 15 அன்று ஒளிபரப்பைத் தொடங்கிய சென்னைத் தொலைக்காட்சி நிலையம் ஐம்பது ஆண்டுகளைக் கடந்துவிட்டது. அந்த நிலையத்தின் பெயரைச் சொன்னதும் வெள்ளிக்கிழமை மாலையின் ‘ஒளியும் ஒலியும்’, உழவர்களுக்கான ‘வயலும் வாழ்வும்’, நேயர் கடிதங்களுக்குப் பதில் சொன்ன ‘எதிரொலி’ ஆகியவையே பலருக்கும் முதலில் நினைவுக்கு வரும். அவற்றின் மீது எனக்கும் அன்பு உண்டு. ஆனால் இந்த மடலை நான் எழுதுவது, அந்நிலையத்தின் செய்திப் பிரிவு இந்த ஐம்பது ஆண்டுகளில் படம்பிடித்தவற்றில் இன்று மிஞ்சியிருப்பவை அழிந்துவிடக் கூடாது என்பதற்காகவும், அவை யாருக்காகப் படம்பிடிக்கப்பட்டனவோ அந்த மக்களின் பார்வைக்கு வர வேண்டும் என்பதற்காகவும்தான்.

சென்னை நிலையம் பிறந்த காலமே அதன் செய்திப் பதிவுகளுக்குத் தனி மதிப்பைத் தருகிறது. தில்லியில் 1959 செப்டம்பர் 15 அன்று சோதனை முயற்சியாகத் தொடங்கிய தொலைக்காட்சி, 1972-இல் மும்பைக்கும், 1975-இல் கொல்கத்தா, சென்னை, லக்னோ ஆகிய நகரங்களுக்கும் வந்தது. சென்னையில் ஒளிபரப்பு தொடங்கியபோது நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டு இரண்டு மாதங்கள்கூட ஆகியிருக்கவில்லை. பத்திரிகைகள் தணிக்கையின் கீழ் இருந்தன. ஆறு மாதங்கள் நிறைவதற்குள், 1976 ஜனவரி 31 அன்று, தமிழ்நாட்டின் மாநில அரசு கலைக்கப்பட்டது. அப்போது தூர்தர்ஷன் என்ற தனி அமைப்பும் கிடையாது. 1976 ஏப்ரல் 1 அன்று பிரிக்கப்படும்வரை தொலைக்காட்சி வானொலியின் ஓர் உறுப்பாகவே இயங்கியது. ஆக, ஒரு மாநிலத்தின் முதல் தொலைக்காட்சிச் செய்தி அறை, அந்த மாநிலத்தின் அரசியல் வரலாற்றில் மிக இறுக்கமான மாதங்களில், தில்லியின் நேரடி ஆளுகையில் இருந்துகொண்டு தன் தொழிலைக் கற்றது. அன்று அது எதைக் காட்டியது, எதைக் காட்டாமல் விட்டது என்ற இரண்டுமே வரலாற்று ஆசிரியருக்குச் சான்றுகள். காட்டாமல் விட்டதை அறிவதற்கும் காட்டியவை கையில் இருந்தாக வேண்டும்.

அக்காலச் செய்தி எவ்வாறு உருவானது என்பதை அறிந்தால்தான் எதைத் தேட வேண்டும் என்பது விளங்கும். ஒளிப்பதிவாளர் கையில் இருந்தது 16 மி.மீ. படச்சுருள். நூறு அடிச் சுருள் ஒன்று மூன்று நிமிடத்துக்கும் குறைவாகவே ஓடும் என்பதால், எதைப் பதிவு செய்வது என்பதை நிகழ்விடத்திலேயே அவர் முடிவு செய்தாக வேண்டும். சுருள் நிலையத்துக்கு வந்து, வேதிக் கரைசலில் கழுவப்பட்டு, வெட்டி ஒட்டப்பட்ட பிறகே ஒளிபரப்புக்குப் போகும். பெரும்பாலும் ஒலியற்ற அந்தப் படங்கள் ஓடும்போது, செய்தி வாசிப்பவர் கையிலுள்ள தாளைப் பார்த்து நேரலையில் வாசிப்பார். நேரலையாகப் போன வாசிப்பைத் தனியே பதிந்துவைப்பது அன்றைய தொலைக்காட்சிகளில் அரிது. வீடியோ நாடாவின் விலை அதிகம் என்பதால் பதிந்தவற்றின் மேலேயே மறுபடி பதிந்தார்கள். பி.பி.சி. போன்ற பெரிய நிறுவனங்களே 1960-களிலும் 1970-களிலும் அவ்வாறு பலவற்றை இழந்திருக்கின்றன. எனவே படம் ஓரிடத்திலும், அதற்குரிய சொற்கள் தட்டச்சுத் தாள்களாக வேறோரிடத்திலும் கிடக்க, வாசித்தவரின் குரல் எங்கும் இல்லாமல் போயிருக்கலாம். படச்சுருளைத் தேடுகிறவர்கள் அந்தத் தாள்களையும் தேட வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

தாள்களிலேயே மிக முக்கியமானது செய்தித் துறையினர் ‘டோப் ஷீட்’ என்று சொல்லும் குறிப்பு. எந்த நாளில், எந்த ஊரில், எந்த நிகழ்ச்சியில், சட்டகத்துக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்பதை ஒளிப்பதிவாளர் தம் கைப்பட எழுதி, சுருளுடன் அனுப்பும் தாள் அது. அது தொலைந்துவிட்டால், ஒரு மாவட்டத்தில் நடந்த வரலாற்றுச் சிறப்புமிக்க போராட்டத்தின் காட்சி, ஏதோ ஒரு தெருவில் ஏதோ ஒரு கூட்டம் என்ற அளவுக்குச் சுருங்கிவிடும். தாள் தொலைந்தாலும் இன்னும் ஒரு வழி உண்டு. அன்றைய ஒளிப்பதிவாளர்கள், படத்தொகுப்பாளர்கள், செய்தி ஆசிரியர்கள், வாசிப்பாளர்கள் ஆகியோரில் நம்மிடையே இருப்பவர்களை அழைத்து, காட்சிகளைப் போட்டுக் காட்டி, அடையாளம் கேட்டு எழுதிக்கொள்ளலாம். ஷோபனா ரவி, ஃபாத்திமா பாபு, நிஜந்தன் போன்றோரின் முகங்களும் குரல்களும் தமிழ் வீடுகளுக்கு எவ்வளவு நெருக்கமானவை என்பதைத் தாங்கள் அறிவீர்கள். திரைக்குப் பின்னால் இருந்தவர்களின் பெயர்கள் அவ்வளவு பரவலாகத் தெரியாது. ஆனால் காட்சிகளை அடையாளம் காட்டும் அறிவு அவர்களிடம்தான் கூடுதலாக இருக்கிறது. 1975-இல் இருபத்தைந்து வயதில் பணியில் சேர்ந்தவருக்கு இன்று வயது எழுபத்தைந்தைத் தாண்டியிருக்கும். எந்த நாடா இயந்திரத்தையும்விட விரைவாக நாம் நாட வேண்டியவர்கள் அவர்கள்.

1982-இல் வண்ணம் வந்ததும், 1980-களில் கொடைக்கானலின் உயர்திறன் ஒளிபரப்பி தென்மாவட்டங்களை எட்டியதும், படச்சுருளுக்குப் பதிலாக நாடாக்கள் வந்ததும் பலரும் அறிந்தவை. நான் குறிப்பிட விரும்புவது ஒன்றையே. 1993 ஏப்ரல் 14 அன்று சன் தொலைக்காட்சி தொடங்கும்வரை, ஏறத்தாழப் பதினெட்டு ஆண்டுகள், தமிழ்நாட்டின் அன்றாட நிகழ்வுகளைத் தொடர்ந்து படம்பிடித்துத் தமிழில் ஒளிபரப்பிய தொலைக்காட்சி சென்னை நிலையம் மட்டுமே. 1987 டிசம்பர் 24 அன்று எம்.ஜி.ஆர். மறைந்தபோதும், 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டபோதும் தமிழ்நாடு தமிழில் பார்த்த தொலைக்காட்சிச் செய்தி அங்கிருந்து வந்ததுதான். அது அரசின் குரலாகவே ஒலித்தது என்ற குறை அன்றும் இருந்தது, அதில் உண்மையும் உண்டு. ஆனால் அரசின் குரல் எப்படி ஒலித்தது என்பதும் ஆராயத்தக்க ஒன்றல்லவா? தனியார் நிறுவனங்களின் காட்சிகள் அந்நிறுவனங்களின் சொத்து. மக்களின் வரிப்பணத்தில் எடுக்கப்பட்ட இந்தக் காட்சிகளின் நிலை வேறு.

இவற்றுக்கு நேரக்கூடிய கேட்டைப் பற்றி வல்லுநர்கள் எச்சரித்துக்கொண்டே இருக்கிறார்கள். அசிடேட் படச்சுருள் வெப்பத்திலும் ஈரத்திலும் புளித்து, காடி நாற்றம் வீசி, சுருங்கிப் போகும். கடலோர நகரமான சென்னையின் காற்று அதற்குப் பகை. யூ-மேட்டிக், பீட்டாகேம் ஆகிய வீடியோ நாடா வகைகளில் காந்தத் துகள்களைப் பிடித்துவைத்திருக்கும் பசை ஈரத்தை உறிஞ்சி இளகிவிடும். அதைவிடக் கொடியது, அந்த நாடாக்களை ஓட்டும் இயந்திரங்கள் இன்று தயாரிக்கப்படுவதில்லை என்பது. பழுதானால் மாற்றும் உதிரிப் பாகமும், பழுது பார்க்கத் தெரிந்தவரும் அருகிவருகிறார்கள். ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட, ஒலி ஆவணக் காப்பகம் 2015-இல் வெளியிட்ட அறிக்கையில், காந்த நாடாக்களில் உள்ளவற்றை 2025-க்குள் எண்ம (டிஜிட்டல்) வடிவுக்கு மாற்றாவிட்டால் பெரும்பாலானவை மீட்க முடியாமல் போய்விடும் என்று எச்சரித்தது. அவர்கள் குறித்த கெடுவும் சென்னை நிலையத்தின் பொன்விழாவும் ஒரே ஆண்டில் வந்து போய்விட்டன.

தாங்கள் இதைச் செய்ய வேண்டும் என்பது என் விருப்பம் மட்டுமன்று. சட்டம் தங்களுக்கு இட்ட கடமை. 1990-ஆம் ஆண்டின் பிரசார் பாரதிச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் செய்தி திரட்டும் அமைப்பை ஏற்படுத்துவதையும், வானொலி, தொலைக்காட்சிப் பதிவுகளுக்கான நூலகங்களை நிறுவிப் பேணுவதையும் வாரியத்தின் பணிகளாக ஒரே உட்பிரிவில் வைத்திருக்கிறது. சட்டம் இயற்றியவர்கள் செய்தி திரட்டுவதையும் அதைக் காப்பதையும் சேர்த்தே நினைத்தார்கள் என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன். நிதி இல்லை என்ற விடையையும் எளிதில் ஏற்க முடியவில்லை. ஒளிபரப்புக் கட்டமைப்பை மேம்படுத்த 2023 ஜனவரியில் மத்திய அமைச்சரவைக் குழு ஒப்புதல் அளித்த திட்டத்தின் மதிப்பு 2,539.61 கோடி ரூபாய். அத்தகைய திட்டங்களில் புதிய கருவிகளுக்கு அளிக்கப்படும் முதன்மையில் ஒரு பகுதியேனும் பழைய பதிவுகளுக்குக் கிடைக்க வேண்டும்.

தில்லியில் தங்களுக்கு ஆவணக் காப்பகம் இருக்கிறது. இசையிலும் இலக்கியப் பேட்டிகளிலும் அது வெளியிட்டுள்ளவற்றுக்கு நன்றியுடையேன். ஆயினும் மண்டலச் செய்திகளைத் தில்லியிலிருந்து பட்டியலிட முடியாது. திருத்துறைப்பூண்டியின் கடைத்தெருவையும் ஆண்டிபட்டியின் பேருந்து நிலையத்தையும் பார்த்த அளவில் இனங்காணக்கூடியவர்கள் தமிழ்நாட்டில்தான் இருக்கிறார்கள். எனவே பட்டியலிடும் பணி சென்னையில், தமிழில், இங்குள்ள பல்கலைக்கழகங்களின் வரலாற்றுத் துறைகளையும் இதழியல் துறைகளையும் சேர்த்துக்கொண்டு நடக்க வேண்டும். மூலப் பதிவுகளும் சென்னையை விட்டுப் போகக் கூடாது. பாதுகாப்புக்காக இன்னொரு படி வேறு நகரில் இருக்கட்டும்.

பொதுமக்களுக்குத் திறந்துவிடுவது பற்றித் தயக்கம் எழுவது இயல்பே. சென்னை நிலையம் தொடங்கிய அதே 1975-இல் செயல்படத் தொடங்கிய பிரான்சின் தேசிய ஒலி-ஒளிக் காட்சி நிறுவனம், 2006-இல் தன் வானொலி, தொலைக்காட்சிப் பதிவுகளில் பெரும் தொகுதியை இணையத்தில் மக்கள் பார்வைக்கு வைத்தது. அமெரிக்காவில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் 1968 முதல் மாலைச் செய்திகளைப் பதிந்து, நாள்வாரியாகப் பட்டியலிட்டு வருகிறது. செய்ய முடியும் என்பதற்கு இவை போதும். அதே வேளையில் எல்லாவற்றையும் எல்லாருக்கும் காட்டிவிட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. 2004-இல் கும்பகோணம் பள்ளித் தீயில் மாண்ட குழந்தைகளின் பெற்றோரும், அவ்வாண்டு இறுதியில் நாகப்பட்டினக் கரையில் உறவுகளைத் தேடி அலைந்தோரும் கேமராவுக்கு முன் நின்ற நிலை நமக்குத் தெரியும். அத்தகைய காட்சிகளை ஆய்வுக்கு மட்டும், உரிய கட்டுப்பாட்டுடன் தருவதே முறை. ஆனால் பட்டியல் மட்டும் எவ்விதக் கட்டுப்பாடும் இல்லாமல் எல்லாருக்கும் திறந்திருக்க வேண்டும். ஒரு பதிவு இருப்பதே தெரியாதவர் அதைக் கேட்டு விண்ணப்பிக்க முடியாது.

இன்றைய செய்திப் பணியையும் இதிலிருந்து பிரித்துப் பார்க்க முடியவில்லை. 2024 ஜனவரி 19 முதல் ‘டிடி தமிழ்’ என்ற புதிய பெயரில், முன்பு ‘பொதிகை’ என்று நாம் அறிந்த அதே அலைவரிசை இயங்குகிறது. பெயரும் அரங்கமும் புதிதானாலும், மாவட்டத்திலிருந்து செய்தி வருவது பகுதிநேரச் செய்தியாளர்களின் உழைப்பால்தான். அனுப்பிய செய்திக்கு ஏற்ப ஊதியம் பெறுகிற ஒருவர், பலருக்கும் அக்கறையில்லாத ஓர் ஏரிப் பாசனப் பூசலை மூன்று மாதம் தொடர்ந்து கவனிப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று. மாவட்டங்களில் நிலையான செய்தியாளரை அமர்த்துங்கள். அவர்கள் எடுக்கும் முழுக் காட்சிகளையும், ஒளிபரப்பான ஒரு நிமிடத்தை மட்டுமல்லாமல், ஊர், நாள், நிகழ்வு, பேசுவோர் பெயர் ஆகிய குறிப்புகளுடன் சேமியுங்கள். சேமிப்பகத்தில் இடம் போதவில்லை என்று பழைய கோப்புகளை அழிக்கும் செய்தி அறைகள் எங்கும் உண்டு. பதிந்த நாடாவின் மேலேயே மறுபடி பதிந்த அந்நாளைய தவறு, இந்நாளில் ஒரு பொத்தானை அழுத்தும் வேகத்தில் நிகழ்ந்துவிடும்.

முதற்படியாகத் தங்களிடம் நான் வேண்டுவது ஒரு கணக்கு. சென்னை நிலையத்தின் செய்திப் பிரிவில் எத்தனை படச்சுருள்கள், எந்தெந்த வகையில் எத்தனை நாடாக்கள், எந்த ஆண்டுகளுக்குரியவை, எந்த நிலையில் உள்ளன, எவை எண்ம வடிவுக்கு மாறிவிட்டன, எந்த ஆண்டுகளுக்கு ஒன்றுமே மிஞ்சவில்லை என்பதை மறைக்காமல் வெளியிடுங்கள். யுனெஸ்கோ ஒலி-ஒளி மரபுக்கான நாளாக அறிவித்துள்ள அக்டோபர் 27-க்குள் அந்தக் கணக்கு வெளிவருமானால், மேற்கொண்டு ஆக வேண்டியதைப் பேசுவதற்குத் தமிழ்நாட்டின் ஆசிரியர்களும் ஆய்வாளர்களும் ஓய்வுபெற்ற தங்கள் பணியாளர்களும் முன்வருவார்கள் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
சென்னைத் தொலைக்காட்சியின் நேயர் ஒருவர்