பேர் தெரியாத அக்காவுக்கு நன்றி

குரல் பயிற்சி அறை வாசலில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த திருநங்கை அக்காவுக்கு இந்த நன்றி. உங்கள் பேரைக் கேட்க அன்று எனக்குப் பேச அனுமதியில்லை. என் குரலைப் பெண்குரலாக்கும் அறுவை சிகிச்சையில் குரல்நாண்களின் முன்பகுதியைச் சேர்த்துத் தைத்திருந்தார்கள். அதிரும் நீளம் குறைந்தால் சுருதி ஏறும். எனக்குச் செருமல் வந்ததும் சட்டென்று கையைப் பிடித்து, தண்ணீர் பாட்டிலை நீட்டி, "செருமாதடி, ஒரு மடக்கு முழுங்கு. கிசுகிசுன்னும் பேசாத, தையலுக்கு ஆகாது" என்றீர்கள். முதல் சில மாதம் கரகரப்பாகத்தான் இருக்கும் என்று நீங்கள் சொல்லியிராவிட்டால் நொறுங்கிப்போயிருப்பேன். டாக்டரும் அதைத்தான் சொன்னார். ஆனால் நீங்கள் அந்தக் குரலிலேயே சொன்னீர்கள். பயிற்சி இன்னும் தொடர்கிறது. கேஸ் சிலிண்டர் போடுகிற தம்பி இப்போது போனில் "வீட்லதானேக்கா?" என்கிறார். எங்கிருந்தாலும் நல்லா இருங்கக்கா.