வளவைத் திறந்துவிட்டவர்களுக்கு

பெருமதிப்பிற்குரிய ஆச்சிமார்களுக்கும் ஐயாமார்களுக்கும், எங்களுக்குத் தோள்கொடுத்த அண்ணன் தம்பிமார்கள் அனைவருக்கும் வணக்கம்.

காரைக்குடியை அடுத்த உங்கள் ஊரில் 19 நாட்கள் தங்கி நாங்கள் எடுத்த திகில் படம் தணிக்கை முடிந்து சான்றிதழ் பெற்றுவிட்டது. இந்தச் செய்தியை முதலில் உங்களிடம்தான் சொல்ல வேண்டும். படத்தின் முடிவில் ஓடும் பெயர்ப்பட்டியலில் அடங்காத நன்றியையும் எழுத்தில் வைத்துவிட வேண்டும் என்று தோன்றியது. வீட்டாரின் விருப்பப்படி வீட்டின் அடையாளத்தையும் உதவியவர்களின் பெயர்களையும் இம்மடலில் குறிப்பிடவில்லை. படிக்கும்போது அவரவர்க்குத் தம்மைத் தெரியும்.

கதை நீங்கள் அறிந்ததே. அரையாண்டு விடுமுறைக்கு வந்த ஐந்து பிள்ளைகள் ஒரு பழைய பல்லாங்குழியை எடுத்து விளையாட உட்காருகிறார்கள். ஒரு குழியில் நான்கு காய்கள் சேர்ந்தால் 'பசு' என்று சொல்லி எடுத்துக்கொள்வது ஆட்டத்தின் வழக்கம். எங்கள் கதையில் ஒவ்வொரு பசுவும் ஓர் உயிரைக் கொண்டுபோகிறது. கையில் இருந்தது 22 லட்சம் ரூபாய். அதில் அரங்கம் போட முடியாது, கணினி வரைகலைக்கு வழியே இல்லை. ஆகவே நடுவே முற்றம் வைத்த உண்மையான ஒரு வளவு வீடு வேண்டும் என்று கதைத்தாளைக் கையில் பிடித்துக்கொண்டு உங்கள் தெருவுக்கு வந்தேன். உயிர்பலி வாங்கும் சாபத்தைப் பற்றிய ஒரு கதைக்கு, விளக்கேற்றிக் கும்பிடும் வீட்டைக் கேட்பது எப்பேர்ப்பட்ட கேள்வி என்பது அன்று எனக்கு முழுதாக விளங்கியிருக்கவில்லை.

அந்த வீட்டில் 11 புள்ளிகளுக்கு, அதாவது மணமான 11 குடும்பங்களுக்கு, பங்கு உண்டு. சென்னையில் சிலர், கோயம்புத்தூரில் சிலர், பினாங்கில் ஒருவர். அவர்களில் ஒருவர் வேண்டாம் என்றாலும் சாவி கிடைக்காது. எங்களுக்காக ஐயா ஒருவர் தம் பங்காளிகள் அத்தனை பேரையும் தாமே தொலைபேசியில் அழைத்து, கதையை முதலிலிருந்து கடைசி வரை பொறுமையாகச் சொன்னார். நான் பக்கத்தில் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். எந்த இடத்திலும் அவர் கதையை மென்மையாக்கிச் சொல்லவில்லை. "பிள்ளைகள் சாகிற கதைதான், ஆனால் பையன் ஒழுங்கானவன்" என்று 10 முறையாவது சொல்லியிருப்பார். அந்த ஒரு வாக்குறுதியைக் காப்பாற்ற வேண்டுமே என்கிற கவலைதான் படப்பிடிப்பு முழுவதும் என் முதுகுக்குப் பின்னால் நின்றது.

சம்மதங்கள் எல்லாம் வந்தபிறகு ஆச்சி என்னை இரண்டாம் கட்டுக்கு, அதாவது வீட்டின் உள்பகுதிக்கு, அழைத்து உட்காரச் சொன்னார்கள். "தம்பி, இந்த வளவுலதான் எம் மகளுக்குத் தாலி கட்டித் திருப்பூட்டுனோம். இங்கனதான் வருசா வருசம் முன்னோருக்குப் படைப்பு நடக்குது. நீங்க என்ன வேணா எடுத்துக்கங்க, இதைச் சாபம் பிடிச்ச வீடுன்னு மட்டும் சொல்லிராதீக" என்றார்கள். வேறு நிபந்தனை எதுவும் இல்லை. சாமி அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, மற்ற அறைகளின் சாவிக்கொத்து முழுவதையும் என் கையில் கொடுத்தார்கள்.

அன்றிரவே கதையைத் திருத்த உட்கார்ந்தோம். நாங்கள் எழுதிவந்த கதையில் சாபம் வீட்டினுடையதாக இருந்தது. அந்தக் காலத்தில் வஞ்சிக்கப்பட்ட ஒரு மருமகள் விட்ட சாபம். அது உண்மையானால் அந்த வீட்டில் வாழ்ந்த தலைமுறைகளெல்லாம் எப்படிப் பிழைத்தார்கள் என்ற கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை என்பதை, ஆச்சி சொன்ன பிறகுதான் கவனித்தோம். சாபக் கதைக்கு ஒரு விதி வேண்டும். எதைத் தொட்டால் ஒட்டும், எப்போது கேட்கும், எப்படி விலகும் என்பது பார்ப்பவருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தால்தான், பிள்ளை நான்காவது காயைக் குழியில் போடப்போகும் நொடியில் அவர் மூச்சைப் பிடித்துக்கொள்வார். ஆகவே சாபத்தை வீட்டிலிருந்து எடுத்துப் பல்லாங்குழிப் பலகைக்குக் கொடுத்தோம். பரணில் கிடந்த பலகை, பிள்ளைகளில் ஒருவன் வெளியூர்ப் பழம்பொருள் கடையில் வாங்கிவந்த பலகை ஆனது. வீடு அவர்களுக்கு அடைக்கலம் தரும் இடமாக மாறியது. படத்தின் கடைசி அரைமணி நேரம் இப்போது நிற்கிறதென்றால் அது ஆச்சி கொடுத்த திருத்தம். கதைக்கு உதவியவர்கள் என்ற வரியில் அவர்களை முதலாவதாகச் சேர்த்திருக்கிறோம்.

நடித்த பிள்ளைகளில் மூத்தவருக்கு 17 வயது, இளையவளுக்கு 13. 14 வயது நிறையாத பிள்ளையை நடிக்கவைக்க 2017-ஆம் ஆண்டு குழந்தைத் தொழிலாளர் விதிகளின்படி மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். நாளொன்றுக்கு 5 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, ஓய்வின்றித் தொடர்ச்சியாக 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது. வருமானத்தில் குறைந்தது 20 விழுக்காட்டைப் பிள்ளையின் பெயரில் வங்கியில் நிரந்தர வைப்பாகப் போட வேண்டும். இவற்றுக்கான தாள்களை எங்கே, யாரிடம் கொடுக்க வேண்டும் என்று கூட்டிக்கொண்டு போய்க் காட்டியவர், ஊரில் மாலை நேரத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் ஓய்வுபெற்ற ஆசிரியர். படப்பிடிப்பு இடைவேளைகளிலும் அவர் பட்டாலைக் கூடத்தில் உட்கார்ந்து அந்தச் சிறுமிக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். இரவு ஏழு மணிக்குப் பிறகு ஐவரில் யாரையும் வைத்து எடுப்பதில்லை என்று பெற்றோருக்கு வாக்குக் கொடுத்திருந்தோம்.

ஆனால் கதை நடப்பதோ பெரும்பாலும் இரவில். பட்டப்பகலில் வளவுக்குள் இரவைக் கொண்டுவந்தவர்கள் ஊர்ப் பந்தல்காரர்கள். நான்கு பக்கத் தாழ்வாரத்துக்கும் நடுவே திறந்து கிடக்கும் முற்றத்தின் மேல் கருப்புத் துணியை இழுத்துக் கட்ட வேண்டும். நூறாண்டு கண்ட ஓடு ஒன்றுகூட நொறுங்கக் கூடாது. கோணிச்சாக்குகளை மடித்து விரித்து, அதன்மேல் தவழ்ந்தபடி கயிறு கட்டினார்கள். முதல் நாள் துணியில் இருந்த கிழிசல்கள் வழியாக வெயில் இறங்கித் தரையெங்கும் காசு காசாய்க் கிடந்தது. அவர்களில் இளையவர் சாக்கு ஊசியோடு மேலே போய் ஒவ்வொன்றாகத் தைத்துவந்தார். கடைசிப் பொத்தலைத் தைக்கும் முன், அதன் ஒளி பல்லாங்குழியின் ஏழாவது குழியில் போய் விழுந்திருப்பதைப் பார்த்த எங்கள் ஒளிப்பதிவாளர் "அண்ணே, அதைத் தைக்காதீங்க!" என்று கத்தினார். படத்தில் நிலவொளியாக நீங்கள் காணப்போவது அந்தப் பொத்தல்.

ஒன்பதாம் நாள் விளக்குத் தாங்கி சாய்ந்து முகப்பில் ஓர் ஆத்தங்குடித் தரைக்கல்லை உடைத்துவிட்டது. எங்களுக்குக் கைகால் ஓடவில்லை. ஆத்தங்குடியிலிருந்து வந்த மேஸ்திரி உடைந்த துண்டுகளைத் துணியில் முடிந்து எடுத்துப்போனார். நானும் உடன் போனேன். கண்ணாடிப் பலகையின் மேல் அச்சை வைத்து, வண்ணம் கலந்த சிமிட்டிக் குழம்பை அறை அறையாக ஊற்றி, அச்சைத் தூக்கியதும் பூ அப்படியே நின்றது. அதன்மேல் மணலும் சிமிட்டியும் இட்டு அமுக்கி, காயவைத்து, தண்ணீரில் ஊறப்போட்டார். சூளை இல்லை, தீ இல்லை. கண்ணாடியின் வழவழப்பு கல்லுக்கு ஏறிவிடுகிறது. பழைய கற்களின் மங்கிய சிவப்பு ஒத்துவரும்வரை மூன்று முறை செய்துபார்த்தவர், கூலியாக ஒரு கல்லுக்கு உரியதை மட்டுமே வாங்கிக்கொண்டார்.

ஒலிப்பதிவுக் கருவிகள் தருவதாக முன்பணம் வாங்கிய ஒரு வாடகை நிறுவனம் கடைசி நேரத்தில் கைவிரித்துவிட்டது. உங்கள் ஊர்க் கோயில் விழாக்களுக்கு ஒலிபெருக்கி கட்டும் தம்பி தம்மிடமிருந்த பதிவுக்கருவியையும் இரண்டு ஒலிவாங்கிகளையும் கொண்டுவந்து கொடுத்து, 11 நாட்கள் தாமே பிடித்துக்கொண்டு நின்றார். ஊருணிக் கரையிலிருந்து சாயங்காலங்களில் மயில்கள் அகவும்போதெல்லாம் படப்பிடிப்பை நிறுத்தினோம். அவர்தான் அதைத் தனியே பதிந்துவைத்தார். இப்போது சாபம் நெருங்கும் இடங்களில் எல்லாம் இசைக்குப் பதிலாக அந்த அகவல் ஒலிக்கிறது. தேக்குக் கதவின் தாழ் விலகும் ஓசையும், ஓட்டு விளிம்பிலிருந்து முற்றத்தில் மழை இறங்கும் ஓசையும் அவர் கைவண்ணமே.

மூன்றாம் கட்டில் அடுப்பு மூட்டி எங்கள் 23 பேருக்கும் சமைத்துப்போட்ட அக்காமாருக்கு வெறும் நன்றி போதாது. கடைசி நாள் விடியற்காலையில் வெள்ளைப் பணியாரமும் வரமிளகாய்த் துவையலும் செய்து, வழிக்கென்று ஓலைக்கொட்டானில் சீப்புச் சீடையும் வைத்துக்கொடுத்தார்கள்.

படத்துக்கு யு/ஏ 16+ சான்று கிடைத்திருக்கிறது. 16 வயது நிரம்பாத பிள்ளைகளைப் பார்க்கவிடுவது பெற்றோரின் முடிவு. எங்கள் 13 வயதுச் சிறுமியின் தாயார், தாம் முதலில் பார்த்துவிட்டு அவளைக் கூட்டிவருவதாகச் சொல்லியிருக்கிறார். முதல் திரையிடல் திரையரங்கில் அல்ல, அதே வளவில், முற்றத்தில் வேட்டியைத் திரையாகக் கட்டித்தான். நாள் குறித்ததும் ஐயா உங்கள் அனைவருக்கும் சொல்லுவார். படப்பிடிப்புக்காகத் தச்சர் செய்துகொடுத்த மூன்று பலகைகளில் ஒன்று படத்திலேயே உடைந்துவிட்டது, ஒன்று அந்தச் சிறுமியிடம் இருக்கிறது. மூன்றாவதை ஆச்சி கேட்டிருக்கிறார்கள், மே மாதம் பேரப்பிள்ளைகள் வரும்போது விளையாட. திரையிடலுக்கு வரும்போது புளியங்கொட்டைகளோடு கொண்டுவந்து கொடுப்போம்.

நன்றியுடன்,
இயக்குநர் உள்ளிட்ட படக்குழுவினர் 23 பேரும்