1806: கணக்கு வகுப்புக்கும் உரிய எண்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆண்டுதோறும் ஜூலை 10 அன்று வேலூர் மக்கான் நினைவுத் தூணுக்கு மாலை அணிவிக்கிறோம். பள்ளிகளில் 1806 சிப்பாய் புரட்சி பற்றிப் பேச்சுப்போட்டி வைக்கிறோம். அதே 1806 எண்ணியலிலும் பேர்பெற்றது என்பது நம் பிள்ளைகளின் காதுக்கே எட்டுவதில்லை. அன்று கணக்கு ஆசிரியருக்கும் ஒரு பாடவேளை ஒதுக்க வேண்டும்.

1806-இன் பகாக் காரணிகள் 2, 3, 7, 43. இவற்றால் தனித்தனியே வகுத்தால் 903, 602, 258, 42 கிடைக்கும். கூட்டினால் 1805, ஒன்றுதான் குறைவு. ஆகவே 1/2 + 1/3 + 1/7 + 1/43 + 1/1806 = 1. இந்தக் குணமுள்ள எண்கள் மிக அரிது. முதல் நான்கு 2, 6, 42, 1806.

இதைத் தசமத்தில் செய்யவிடாதீர்கள். நான்கு இலக்கத்துக்கு முழுமையாக்கினால் 1.0001 என்று வரும். பிள்ளைகள் கணக்கே தப்பு என்பார்கள். மீச்சிறு பொது மடங்கு எடுத்தே கூட்ட வேண்டும்.

2×3=6, 6×7=42, 42×43=1806. எண்ணோடு ஒன்று கூட்டினால் பகா எண் வருகிறதா? அதனால் பெருக்கினால் அடுத்தது கிடைக்கும். 1/n என்பது 1/(n+1), 1/n(n+1) இரண்டின் கூடுதல் என்பதே காரணம். (2, 3, 7, 43, 1807 என நீளும் வரிசையை 1880-இல் ஆராய்ந்தவர் ஆங்கிலேயர் சில்வெஸ்டர்.)

1806-க்கு அடுத்துத்தான் சறுக்கல். 1807-ஐ 2, 3, 5, 7, 11 ஆகியவற்றால் வகுத்துப் பார்த்து, மீதி வருகிறதே என்று பகா எண்ணாக்கி விடுகிறார்கள். வர்க்கமூலம் 42-ஐத் தாண்டுவதால் 41 வரை பார்த்தாக வேண்டும். குறுக்குவழியும் உண்டு: 1807 = 42² + 42 + 1. இந்த வடிவ எண்ணின் பகாக் காரணி 3 ஆக இருக்கும், அல்லது 6-ஆல் வகுத்தால் மீதி 1 தரும். 3-உம் 7-உம் 42-ஐ வகுப்பதால் 1807-ஐ வகுக்கா. அடுத்தது 13. 13 × 139 = 1807! சங்கிலி இங்கே அறுந்துவிடுகிறது; 1806 × 1807 = 32,63,442 இந்தக் கூட்டத்தில் சேராது.

ஐந்தாவது எண் 47,058 (2×3×11×23×31). 47,059 பகா எண். இரண்டையும் பெருக்கினால் ஆறாவது எண், 2,21,45,02,422. இதோடு ஒன்று கூட்டினால் 7-ஆல் மீதியின்றி வகுபடும், சங்கிலி மறுபடியும் அறுகிறது.

47,059 பகா எண்தானா என்பதை வகுப்பிலேயே சோதிக்கலாம். 216 வரை 47 பகா எண்கள் உள்ளன. 2, 3, 11, 23, 31 ஐந்தும் 47,058-ஐ வகுப்பதால் இங்கே மீதி 1 நிச்சயம், அவற்றை விட்டுவிடலாம். மிச்சம் 42. ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுத்தால் ஒரு பாடவேளையில் முடிந்துவிடும். வரும் ஜூலை 10 மாணவர் பகுதியில் தாங்கள் இந்தக் கணக்கை வெளியிட வேண்டுகிறேன்.

கணித ஆசிரியர்,
காட்பாடி, வேலூர் மாவட்டம்.