வார்ப்புப் பாகங்களின் வரைபடத்தில் கையெழுத்திடுவோருக்கு

வணக்கம்.

வார்ப்புகளை அறுத்து, மெருகேற்றி, நுண்ணோக்கியில் பார்ப்பது என் வேலை. உங்கள் வரைபடத்தில் உலோகத்துக்கான கட்டத்தில் 'ஏ356' என்ற அலுமினிய வார்ப்புக் கலவையின் பெயரும், அதன் அருகே 'டி6' என்ற வெப்பச் சிகிச்சையின் குறியும் எழுதியிருக்கும். சோதனைக்கூடம் தரும் வேதிச் சான்றிதழில் சிலிக்கான் 7%, மெக்னீசியம் 0.35% என்று எல்லாம் வரம்புக்குள் இருக்கும். நீங்களும் ஒப்புதல் தந்துவிடுகிறீர்கள். அந்தச் சான்றிதழில் இல்லாத ஒன்றைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

ஒரே உருகலில் ஊற்றிய ஒரே பாகத்தை இரண்டு இடங்களில் அறுத்துப் பாருங்கள். உலோகம் உறையும்போது மரம்போலக் கிளைவிட்டு வளரும் படிகம்தான் டெண்ட்ரைட். சீக்கிரம் உறைந்த மெல்லிய சுவரில் அதன் கிளைகளுக்கு இடையே 25 மைக்ரான் இருக்கலாம். ரைசரை (உறையும்போது சுருங்கும் பாகத்துக்கு உருகிய உலோகம் ஊட்டும் தேக்கத்தை) ஒட்டிய தடித்த பகுதியில் அதுவே 70ஐத் தொடும். இந்த இடைவெளி, அந்த இடம் உறைய எடுக்கும் நேரத்தின் கனமூலத்தை ஒட்டி வளர்கிறது. எட்டு மடங்கு மெதுவாக உறைந்தால் இடைவெளி இரட்டிப்பாகும். இடைவெளி கூடக்கூட, உடையும் முன் உலோகம் நீளும் அளவும், திரும்பத் திரும்ப வரும் சுமையைத் தாங்கும் களைப்பு ஆயுளும் குறையும். வேதியியல் என்னவோ இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

இரும்பு இன்னும் மோசம். உருகலில் புகுந்துவிட்டால் எளிதில் வெளியேற்ற முடியாது. அலுமினியம், சிலிக்கானோடு சேர்ந்து தகடுகளாகப் படியும். வெட்டுமுகத்தில் அவை ஊசிகளாகத் தெரியும். விரிசல் தொடங்க அந்த ஊசி முனை போதும். இரும்பில் பாதியளவு மாங்கனீஸ் சேர்த்தால் தகடுகள் பெரும்பாலும் சீன எழுத்தைப் போன்ற கிளைத்த வடிவுக்கு மாறி, கேடு குறைகிறது. ஆனால் அதே அளவு இரும்பு, வேகமாக உறைந்த இடத்தில் சிறு தகடுகளாகவும் மெதுவாக உறைந்த இடத்தில் நீண்ட தகடுகளாகவும் வளரும். ஆகவே இரும்புக்கு மட்டும் வரம்பு எழுதினால் பாதி வேலைதான் முடிந்தது.

சிலிக்கானை நாராக மாற்றச் சேர்க்கும் 0.02% ஸ்ட்ரான்சியமும் உருகல் உலையில் காத்திருக்கும்போது குறைந்துகொண்டே போகிறது. சான்றிதழுக்கு மாதிரி எடுத்தது ஊற்றும் நேரத்திலா, பல மணி நேரம் முன்பா என்று கேளுங்கள்.

டி6 இதையெல்லாம் சரிசெய்துவிடும் என்று நினைக்காதீர்கள். 540 டிகிரி செல்சியஸில் மெக்னீசியம் கரையும், சிலிக்கான் துகள்கள் உருண்டையாகும். பிறகு முதிர்வித்தலில் வலிமை ஏறும். இரும்புத் தகடுகளோ பெரும்பாலும் அப்படியே கிடக்கும். ஹைட்ரஜன் விட்டுச்சென்ற துளைகளையும் அந்தச் சூடு மூடாது.

நான் கேட்பது இதுதான். பாகத்தில் சுமை தாங்கும் இடத்தை வரைபடத்தில் வட்டமிட்டுக் காட்டுங்கள். அந்த இடத்தில் கிளை இடைவெளி எத்தனை மைக்ரானைத் தாண்டக்கூடாது என்று எழுதுங்கள். இழுவைச் சோதனைக்கான துண்டைத் தனி அச்சில் ஊற்றிய கம்பியிலிருந்து எடுக்காதீர்கள். அது உறையும் வேகமே வேறு. பாகத்திலிருந்தே, அந்த வட்டத்துக்குள்ளிருந்தே வெட்டச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
நுண்ணோக்கி முன் அமர்ந்திருக்கும் ஒருவன்